ஆல்பம் தூக்குகிறவருக்குச் சம்பளம் இல்லை

சிவகாசியில் ஆடி 18 அன்று பூஜை போட்டு அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது வழக்கம். அதைத் தூக்கிக்கொண்டு ஏஜென்ட்டுகள் ஊர் ஊராகக் கிளம்புவார்கள். சம்பளம் கிடையாது, பஸ் காசும் அவர்களுடையது. ஆர்டர் பிடித்தால் கமிஷன். காலண்டர் அச்சுத் தொழிலில் புதிதாக இறங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு, இந்த ஏஜென்ட்டுகளைப் பிடிப்பது பற்றியும் வைத்துக்கொள்வது பற்றியும் சில வார்த்தைகள்.

1. ‘ஏஜென்ட் தேவை’ என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தால் போன் நிறைய வரும், ஆர்டர் வராது. ஏற்கெனவே கடை ஏறி இறங்குகிறவரைத் தேடுங்கள்: ஜவுளிக்கடைக்குப் பை சப்ளை செய்பவர், பில் புக் அடித்துக் கொடுப்பவர், ரப்பர் ஸ்டாம்ப் கடைக்காரர். அந்த ஊர்க் கடைவீதியில் நாலு கடை ஏறி, “போன வருஷம் காலண்டர் யார்கிட்ட கொடுத்தீங்க அண்ணாச்சி?” என்று கேளுங்கள். இரண்டு கடையில் ஒரே பெயர் வந்தால் அவரைப் போய்ப் பாருங்கள்.

2. அவர் பையில் வேறு அச்சகத்தின் ஆல்பமும் இருக்கும். நம்முடையதை மட்டும்தான் காட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். சம்பளம் கொடுக்காதவருக்கு அந்த அதிகாரம் இல்லை.

3. கமிஷனில் இரண்டு வழி உண்டு. ஒன்று, பில் தொகையில் சதவீதம். இன்னொன்று, நாம் ஒரு நெட் ரேட் சொல்லிவிடுவோம். அதற்கு மேல் வைத்து விற்பது அவர் சாமர்த்தியம். இரண்டாவது சுலபமாகத் தெரியும். ஆனால் ஒரே வீதியில் நகைக்கடைக்கு ஒரு விலை, எதிர்த்த பாத்திரக்கடைக்கு இன்னொரு விலை என்று போய், இருவரும் பேசிக்கொண்டால் பெயர் கெடுவது நமக்குத்தான். சதவீதமே என் கட்சி. பில்லைக் கடை பெயரிலேயே போடுங்கள், பணம் நேராக உங்கள் கணக்குக்கு வரட்டும்.

4. கமிஷன் எப்போது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். தனியாக எதுவும் பேசிக்கொள்ளாவிட்டால், ஒப்புக்கொண்ட காரியம் முடிந்த பிறகுதான் ஏஜென்ட்டுக்கு ஊதியம் என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 219-வது பிரிவு. காலண்டரில் காரியம் எப்போது முடிகிறது? ஆர்டர் எழுதியபோதா, பார்சல் இறங்கியபோதா, கடைசிப் பைசா வந்தபோதா? சண்டையெல்லாம் இங்கேதான். பணம் வர வர அந்த அளவுக்குக் கமிஷன் என்று வைத்துக்கொண்டால் இருவருக்கும் உறுத்தாது. 500 காலண்டர், 40 ரூபாய் வீதம் 20,000 ரூபாய் ஆர்டர், 10 சதவீதம் பேசியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். 8,000 அட்வான்ஸ் வந்த அன்றே அவருக்கு 800 போய்விட வேண்டும். அட்வான்ஸையும் அவரே விரட்டி வாங்கி வருவார்.

5. அட்வான்ஸ் இல்லாமல் மெஷினில் ஏற்றாதீர்கள். கடை பெயர் அச்சான காலண்டரை வேறு எவருக்கும் விற்க முடியாது. புரூஃபை வாட்ஸ்அப்பில் கடைக்காரருக்கே அனுப்பி, ‘ஓகே’ என்று அவரிடமே வாங்குங்கள். ஏஜென்ட் சொன்னார் என்று அடிக்க வேண்டாம். செல் நம்பரில் ஒரு இலக்கம் மாறினால் ஆயிரம் காலண்டரும் பழைய பேப்பர் விலைக்குத்தான் போகும். கடைக்காரர் திட்டப்போவது உங்களை அல்ல, தினமும் அந்த வழியாக நடக்க வேண்டிய ஏஜென்ட்டை.

6. இதை நிதானமாகப் படியுங்கள். ஓர் ஏஜென்ட் பிடித்துத் தந்த கடைக்காரர் மறு வருஷம் உங்களுக்கே போன் போடுவார்: “நடுவுல அவர் எதுக்கு? அந்தக் கமிஷனைக் கழிச்சுக் கொடுங்க.” நாக்கில் எச்சில் ஊறும். ஊற விடாதீர்கள். “அவர் வந்து பார்ப்பார் அண்ணாச்சி, விலையில ஏதாவது பார்த்துச் செய்யலாம்” என்று சொல்லிவிட்டு, அன்றே அவருக்குத் தகவல் கொடுங்கள். தான் பிடித்த கடை தன்னைத் தாண்டிப் போயிற்று என்று தெரிந்த ஏஜென்ட் சண்டைக்கு வர மாட்டார். அடுத்த சீசனில் உங்கள் ஆல்பத்தை வீட்டில் வைத்துவிட்டு, வேறொன்றைத் தூக்கிக்கொண்டு போவார். அந்தக் கடை மட்டுமா போகும்? அவர் நடக்கிற வீதியே போகும். எந்த ஊர், எந்தெந்தக் கடை, மறு ஆர்டருக்கு எத்தனை வருஷம் கமிஷன் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஆல்பத்தின் அட்டையில் அவர் பெயரும் போன் நம்பரும் போட இடம் விடுங்கள்.

7. பான் எண் முதலிலேயே வாங்குங்கள். கம்பெனி, பார்ட்னர்ஷிப் என்றால் ஒருவருக்கு ஆண்டுக் கமிஷன் 20,000 ரூபாயைத் தாண்டும்போது டிடிஎஸ் பிடிக்க வேண்டும். 5 சதவீதமாக இருந்தது 2024 அக்டோபர் முதல் 2 ஆகிவிட்டது. தனிநபர் தொழில் என்றால், முந்தைய ஆண்டு விற்றுமுதல் 1 கோடியைத் தாண்டியிருந்தால்தான் இந்த வேலை. பிடித்ததற்குச் சான்றிதழ் கொடுக்க மறக்காதீர்கள்.

8. சித்திரை, வைகாசியில் கைமாற்று கேட்பார்கள். வருமானம் இல்லாத மாதங்கள், பாவம்தான். சின்னத் தொகை என்றால் திரும்பி வராது என்று நினைத்தே கொடுங்கள். பெரிய தொகையைக் கமிஷனில் கழித்துக்கொள்ளலாம் என்று கொடுத்தால், ஆவணியில் அவர் உங்கள் போனையே எடுக்க மாட்டார்.

9. தை பிறந்ததும் கணக்கு முடிக்க அவரைக் கூப்பிடும்போது, ஆல்பத்தையும் கொண்டுவரச் சொல்லி, பக்கம் பக்கமாகப் புரட்டிக் கேளுங்கள். “இந்த முருகர் முகம் சரியில்லை ஐயா, எல்லாக் கடையிலும் தள்ளிட்டுப் போயிட்டாங்க” என்பார். அந்த டிசைன் நம்பரைக் குறித்துக்கொண்டு ஆர்ட்டிஸ்ட்டிடம் அந்த வாரமே பேசுங்கள்.