வகுப்பறையை ஆய்வுக்குத் திறக்க எந்த வழி?

1998இல் இண்டியானா பல்கலைக்கழக இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் வெளியிட்ட ஆய்வில் 62 அறிமுக இயற்பியல் வகுப்புகளைச் சேர்ந்த 6,542 மாணவர்கள் இடம்பெற்றார்கள். அத்தனை வகுப்புகளையும் அவரே நடத்தவில்லை. பல ஆசிரியர்கள் தங்கள் வகுப்பில் முன்தேர்வும் பின்தேர்வும் வைத்து மதிப்பெண்களை அவருக்குக் கொடுத்தார்கள். விரிவுரையை மட்டுமே நம்பிய வகுப்புகள், தொடக்கத்தில் தெரியாதிருந்ததில் சராசரியாகக் கால்பங்கைக்கூடக் கற்கவில்லை. மாணவர்கள் தங்களுக்குள் விவாதித்தும் செய்துபார்த்தும் படித்த வகுப்புகள் ஏறக்குறையப் பாதியை எட்டின.

கல்வி ஆய்வுக்கு உதவ நினைக்கும் பல்கலைக்கழக ஆசிரியர் முதலில் எடுக்க வேண்டிய வழியும் இதுவே. ஹேக் பயன்படுத்திய, விசை பற்றிய புரிதலைச் சோதிக்கும் ‘ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி’ தேர்வில் இன்று 30 கேள்விகள் உள்ளன. கணக்குப் போடவே வேண்டாம், அரை மணி நேரம் போதும். முதல் வாரமும் கடைசி வாரமும் அதே தாளைக் கொடுக்க வேண்டும். சரியான விடைக்கு மதிப்பெண் தரக்கூடாது, எழுதியதற்குத் தரலாம். தாளை மாணவர் கையில் விட்டுவைக்கக் கூடாது. கேள்விகள் வெளியே பரவினால் எல்லோருக்குமே அந்தத் தேர்வு பயனற்றுப் போகும். ‘லாசோ’ என்ற அமெரிக்க இணையத் தளம் இத்தகைய தேர்வுகளை நடத்தித் தருகிறது. பெயர் நீக்கிய தரவை ஆய்வாளர்களுக்கும் வழங்குகிறது.

ஒப்பீட்டுச் சோதனை இதைவிடக் கனமான வேலை.

பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தலா சுமார் 270 பேர் கொண்ட இரண்டு பிரிவுகளுக்கு ஒரே வாரம், ஒரே பாடம், இரண்டு முறைகளில் நடந்தது. ஒன்றில் அனுபவமிக்க பேராசிரியரின் விரிவுரை. மற்றதில் அனுபவம் குறைந்தவர்கள் நடத்திய, கேள்வியும் விவாதமுமான வகுப்பு. 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான முடிவின்படி சராசரி மதிப்பெண் முறையே 41, 74 விழுக்காடு. நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன் இந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர். இணையான இரண்டு பிரிவுகளும் ஒத்துழைக்கும் சக ஆசிரியரும் இருந்தால் மட்டுமே இதில் இறங்கலாம்.

மாணவர்கள் ஏன் தடுமாறுகிறார்கள் என்பதை மதிப்பெண் சொல்லாது. அதற்கு ஆய்வாளரை வகுப்பில் உட்காரவிடவும், மாணவர்களிடம் நேர்காணல் எடுக்கவிடவும் வேண்டும். ஆசிரியருக்கு வேலை குறைவு. தன் கற்பித்தலைப் பிறர் பார்வைக்கு வைக்கும் துணிவு வேண்டும்.

செமஸ்டர் முடிவில் கருத்துப்படிவம் மட்டும் வாங்குவது எளிது, ஆனால் கற்றலை அளக்க அது உதவாது. 2019இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வில், செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் அதிகம் பெற்றார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள்.

எந்த வழியானாலும் மாணவரின் சம்மதம் உண்மையானதாக இருக்க வேண்டும். மதிப்பெண் போடுகிறவரே கேட்டால் மறுப்பது கடினம். ஆகவே சம்மதப் படிவத்தை வேறொருவர் வாங்கி, இறுதி மதிப்பெண் பதிவாகும்வரை யார் சம்மதித்தார் என்பதை ஆசிரியருக்குக் காட்டாமல் வைத்திருப்பது நல்லது. நெறிமுறைக் குழுவின் அனுமதியை விடுமுறையிலேயே வாங்கிவிட வேண்டும்; பாடம் தொடங்கிய பிறகு முன்தேர்வு வைக்க முடியாது.