பேச்சு தடைபட்டாலும் கருத்து உண்டு

பக்கவாதத்தால் மூளையின் இடப்பாதி பாதிக்கப்படும்போது, வலக்கையும் வலக்காலும் செயலிழப்பதோடு பேச்சும் தடைபடுவதுண்டு. பெரும்பாலோர்க்கு மொழிக்குரிய பகுதிகள் இடப்பாதியில் அமைந்திருப்பதே காரணம். இந்நிலையை மருத்துவர்கள் ‘அபேசியா’ என்பர். சொல்ல வேண்டியது மனத்தில் இருக்கும்; அதற்குரிய சொல் வாய்க்கு வராது. சிலர்க்குப் பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதும் கடினமாகும். இதனைச் செவிட்டுத்தன்மை என்றோ அறிவுக்கேடு என்றோ கருதி, உறவினர் உரத்துப் பேசுவதையும் நோயாளியைக் கேளாமலே முடிவெடுப்பதையும் நாங்கள் அடிக்கடி காண்கிறோம்.

சொல்லின்றியும் கருத்தை உணர்த்தலாம் என்பதற்குப் பாஞ்சாலங்குறிச்சியே சான்று. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பேச்சுக் குறையுடையவர். அது பக்கவாதத்தால் வந்ததன்று. 1801-இல் அவரை எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், அவர் ஆணையிட்ட முறையைத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியுள்ளார். உள்ளங்கையில் சில வைக்கோல் துண்டுகளை ஆங்கிலப் படையாக அடுக்கி, மறுகையால் துடைத்தெறிவாராம். அதுவே தாக்குதலுக்கு ஆணை. சுற்றியிருந்தோர் அச்சைகையை அறிந்திருந்தமையால்தான் அது பயன்பட்டது. நோயாளியின் சைகையை அவ்வாறு அறிவது இன்று உறவினர் கடமை.

அதற்குச் சில வழிகள்:

1. வீட்டுமொழியில் பேசுங்கள். இக்கரிசல் பகுதியில் வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசுவோர் பலர். பெரும்பாலும் இரு மொழிகளும் சேர்ந்தே மீளும். சிலர்க்கு ஒன்று முந்தும். வீட்டுமொழி எதுவென எங்களிடம் தெரிவியுங்கள்.

2. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். விடைக்குப் பொறுத்திருங்கள், அவர் சொல்லத் தொடங்கியதை நீங்கள் முடிக்காதீர்கள்.

3. நம்மவர் தலையைப் பக்கவாட்டில் அசைத்து உடன்படுவர். வெளிமாநிலத்தார் அதனை மறுப்பென எண்ணக்கூடும். நோயாளியின் எந்த அசைவு எதைக் குறிக்கிறது என்று செவிலியரிடம் விளக்குங்கள். ‘ஆம்’, ‘இல்லை’ இடம் மாறுவதும் உண்டு. வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டச் செய்து உறுதிப்படுத்துங்கள்.

4. பெரியவரிடம் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசாதீர்கள். முன்பு அழைத்த முறைப்பெயராலேயே அழையுங்கள்.

5. பேச்சுப் பயிற்சியை இடையில் நிறுத்தாதீர்கள். முதற்சில மாதங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும், அதன்பின்னரும் தொடரும்.

திடீரெனப் பேச்சுக் குழறினாலோ, வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். அதனை முடிவுசெய்ய, நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரம் எங்களுக்குத் தேவை. அவரால் அதைச் சொல்ல இயலாது. நீங்களே சொல்ல வேண்டும்.