பயிர்ப் பாடம்: பற்றையாக வளரும் மிளகு



மிளகு, வெற்றிலை, திப்பிலி மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். புடைத்த கணுக்களும், இதழ்களற்ற நுண்ணிய பூக்கள் நிறைந்த கதிரும் இக்குடும்பத்தின் அடையாளங்கள்.

மிளகு நாட்டக் காணியும் படரமரமும் வேண்டும் என்றே எண்ணுகிறோம். 2006இல் சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, தமது காணிக்குத் திரும்ப 2015, 2016 வரை காத்திருந்தன. பிறர் காணியில் இருப்பவர், பல வருடம் நிற்கும் கொடியை நாட்டத் தயங்குவது இயல்பே. ஆனால் மிளகைச் சாடியிலும் வளர்க்கலாம். அதற்குச் செடியின் அமைப்பை விளங்கிக்கொள்ள வேண்டும்.

1. இருவகைத் தண்டுகள்
மேல்நோக்கி ஏறும் தண்டு கணுதோறும் பற்றுவேர் விட்டு மரத்தைப் பிடிக்கும். அதிலிருந்து பக்கவாட்டில் பிரியும் கிளைக்குப் பற்றுவேர் இல்லை; காய்ப்பது இக்கிளையே. ஏறுதண்டை நாட்டினால் கொடி வரும். பக்கக்கிளையை நாட்டினால் அது ஏறாது, பற்றையாகவே நின்று காய்க்கும்.

2. பூவும் காயும்
இலைக்கு எதிர்ப்புறத்தில் கதிர் தொங்கும். காட்டு மிளகில் ஆண், பெண் கொடிகள் பெரும்பாலும் வேறு வேறு. பயிரிடும் மிளகில் பெரும்பாலும் ஒரே பூவில் இரண்டும் உண்டு. ஆகவே ஒரு செடியும் காய்க்கும்.

3. நாட்டும் முறை
நன்கு காய்க்கும் கொடியில், ஒரு வருடம் முதிர்ந்த பக்கக்கிளையை மூன்று முதல் ஐந்து கணுக்களுடன் வெட்டுங்கள். நுனியில் ஓரிரு இலைகளை விட்டு மற்றவற்றை நீக்குங்கள். மேல்மண், மணல், உக்கிய மாட்டெரு கலந்த பையில், கீழ்க்கணுக்கள் மண்ணுள் இருக்க நாட்டி நிழலில் வையுங்கள். பக்கக்கிளை எளிதில் வேர்விடாது. ஆகவே தேவைக்கு மேலாகவே நாட்டுங்கள். வேர்விட்டு வளர்ந்தபின் சாடிக்கு மாற்றுங்கள். அடியிலிருந்து ஏறுதண்டு முளைத்தால் வெட்டிவிடுங்கள்.

4. எமது மாவட்டத்தில்
மாத்தளை, கண்டி போல ஈரமான இடமல்ல திருகோணமலை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிடுகு நிழலும், தவறாத தண்ணீரும் அவசியம். மாரியில் சாடியில் நீர் தேங்கினால் வேர் அழுகும், அடியில் துளையிடுங்கள். இது வீட்டுத் தேவைக்கான பயிர். பெருவருமானம் எதிர்பார்க்க வேண்டாம்.

சாடிச்செடி எங்கும் எம்முடன் வரும். அதற்காகச் சொந்தக் காணியைக் கேட்கும் உரிமையை நாம் கைவிடலாகாது. செடியைப் பேணுவோம், காணிப் பத்திரங்களையும் பேணுவோம்.

கலந்துரையாடுங்கள்:
அ. உங்கள் வெற்றிலைக்கொடியில் பற்றுவேர் எந்த இடத்தில் உள்ளது?
ஆ. எம் குழுவில் யாருடைய காணிப் பத்திரங்கள் தொலைந்துள்ளன? அவற்றின் பிரதிகளைப் பெற எவ்வாறு உதவலாம்?