பின்தங்கிய பிள்ளையின் பக்கத்தில் ஒருவர்

வயலின் ஒரு மூலையில் மட்டும் பயிர் மஞ்சளித்தால் வயல் முழுவதற்கும் மீண்டும் பசளை போடுவோமா? அந்த மூலைக்குப் போய்க் காரணத்தைத் தேடுவோம். படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கும் இதுவே தேவை.

எமது நாட்டில் 1945 முதல் கல்வி இலவசம். ஆனால் பெரிய வகுப்பில் பாடம் ஒருவருக்காகக் காத்திராது. இடம்பெயர்வினால் சில மாதப் படிப்பை இழந்த பிள்ளை, விட்ட இடத்தைப் பிடிக்க முடியாமல் மௌனமாகிவிடும். "இதுக்குப் படிப்பு ஏறாது" என்று கூலி வேலைக்கு அனுப்புகிறோம். பணம் கட்டி ரியூசனுக்கு விட்டாலும் அங்கேயும் கூட்டந்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 52இலிருந்து 17ஐக் கழித்து ஒரு பிள்ளை 45 என்று எழுதுகிறது. பிழை என்று கோடு போட்டால் அதற்கு எதுவும் விளங்காது. பக்கத்தில் இருந்து, "எப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள். "2இலை 7 போகாது, அதனாலை 7இலை 2ஐக் கழிச்சனான்" என்று சொல்லும். பிள்ளை மொக்கு அல்ல. ஒரு படி மட்டுமே தவறியிருக்கிறது. ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, 5 கட்டும் 2 தனி ஈர்க்கும் வையுங்கள். ஒரு கட்டை அவிழ்த்தால் தனி ஈர்க்கு 12. அதில் 7 போக 5. மிஞ்சிய 4 கட்டில் 1 போக 3. விடை 35.

இத்தாலியின் பார்பியானா என்னும் மலைக்கிராமத்துக்கு 1954இல் லொரென்சோ மிலானி என்ற குரு சென்றார். பாடசாலையில் சித்தியடையாத கமக்காரரின் பிள்ளைகளுக்கு இலவசமாகப் படிப்பித்தார். மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தனர். ஒருவருக்கு விளங்கும்வரை மற்றவர்கள் காத்திருந்தனர். அம்மாணவர்கள் சேர்ந்து எழுதிய நூல் 1967இல் வெளிவந்து பல நாடுகளில் வாசிக்கப்பட்டது.

நாம் செய்யக்கூடியவை:

1. ஒரு பிள்ளைக்கு ஒருவர். சாதாரண தரம் வரை படித்த அக்காவோ அண்ணாவோ போதும். விளக்கிச் சொல்பவரின் அறிவும் உறுதிப்படும்.

2. கிழமைக்கு மூன்று நாள், அரை மணி நேரம். பெரியவர்கள் காணக்கூடிய முற்றத்தில்.

3. வீட்டுவேலையைச் செய்துகொடுக்க வேண்டாம். முதலில் பிள்ளையைச் சொல்லவிடுங்கள்.

4. பணம் வாங்க வேண்டாம். வாங்கினால் மிக வறிய பிள்ளையே முதலில் நின்றுவிடும்.

கலந்துரையாடுவோம்:

எமது குடியிருப்பில் படிப்பை விடும் நிலையில் உள்ள பிள்ளைகள் யார்? அவர்கள் பக்கத்தில் இருக்கக்கூடியவர் யார்? எந்த நாளில் தொடங்குவோம்?