விசிறிவால் சேவல் வளர்க்க விரும்புவோருக்கு

வத்தலக்குண்டைச் சுற்றியுள்ள தென்னந்தோப்புகளிலும் வாழைக்கொல்லைகளிலும், பஞ்சாரத்துக்குள் அடைபடாமல் தனிக்கூண்டில் தனி மரியாதையோடு வளர்க்கப்படும் ஒரு சேவலைக் காணலாம். கிளியின் அலகைப்போல் குட்டையாக வளைந்த மூக்கும், வெண்மை படர்ந்த கண்களும், நிமிர்ந்த நெடுங்கழுத்தும், வில்லாய் வளைந்து தரையை நோக்கி வழியும் வாலும் அதன் லட்சணங்கள். கிளிமூக்கு விசிறிவால் என்பது அதன் பெயர். அசில் என்னும் சண்டைக்கோழி வம்சத்தில் தோன்றி, பிற்பாடு அழகுக்கென்றே பொறுக்கிப் பொறுக்கி இணைசேர்க்கப்பட்டு வந்த இனம் இது. நல்ல சேவலுக்கு லட்ச ரூபாயைத் தாண்டியும் விலை சொல்லுகிறார்கள்.

நீண்ட வாலுக்கு உலகப்புகழ் பெற்றது ஜப்பானின் கோச்சி மாகாணத்து ஓனகதோரிச் சேவல். எட்டு மீட்டருக்கு மேலும் வால் வளரக்கூடிய அதனை அந்நாட்டு அரசாங்கம் 1952-ஆம் ஆண்டில் விசேஷ இயற்கைச் சின்னமாகப் பிரகடனம் செய்தது. அதன் வாலிறகுகள் சில உதிர்வதே இல்லை. நம்முடைய சேவலோ ஆண்டுதோறும் வாலை உதிர்த்துவிட்டு மீண்டும் முளைக்க விடுவது. ஆகையால் அந்த நீளத்தை இங்கே எதிர்பார்ப்பது வீண் ஆசை. எண்ணெய் தடவினால் வால் நீளும், இன்ன சூரணம் கொடுத்தால் நீளும் என்று சொல்லுகிறவர்களையும் நம்ப வேண்டாம். வாலை நிர்ணயிப்பவை வம்சமும் ஆகாரமும் இருப்பிடமுமே.

வம்சத்திலிருந்து தொடங்குவோம். புதிதாக வளர்க்க வருகிறவர் கையிலுள்ள பணத்தையெல்லாம் ஒரு சேவலின்மேல் கொட்டிவிட்டு, ஏதோ கிடைத்த பெட்டையை அதனோடு சேர்த்துவிடுகிறார். பிறக்கும் பட்டாக்கள், அதாவது இளஞ்சேவல்கள், மூக்கிலும் வாலிலும் அரைகுறையாக நிற்கும்போது சேவலைக் குறை சொல்லுகிறார். குஞ்சுக்குப் பாதி வம்சம் தாயிடமிருந்து வருவது என்பதை அவர் நினைத்துப் பார்ப்பதில்லை. பெட்டைக்கு நீண்ட வால் வெளியே தெரியாதாகையால், அதன் தகப்பனையும் உடன்பிறந்த சேவல்களையும் நேரில் பார்த்த பின்னரே அதனை வாங்க வேண்டும். ஒரு சேவலுக்கு மூன்று அல்லது நான்கு பெட்டை போதும். உடன்பிறந்தவற்றையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் கருக்கூடும் முட்டை குறையும், குஞ்சுகள் வலுவிழக்கும். ஆகவே ஒவ்வொன்றின் காலிலும் எண்ணிட்ட வளையம் மாட்டி, தாய் தகப்பன் விவரத்தை ஒரு நோட்டில் எழுதி வருவது அவசியம்.

இந்தப் பெட்டைகள் ஓர் ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைக்குமேல் இடுவது அபூர்வம். அன்றன்று முட்டையை எடுத்து, கூர்முனை கீழாக இருக்கும்படி நிழலான இடத்தில் வைத்து, ஏழு நாளைக்குள் அடை வைத்துவிட வேண்டும். கனத்த பெட்டை மிதித்து முட்டையை உடைத்துவிடும் என்ற பயமிருந்தால், அடைகாப்பதில் கெட்டிக்காரியான சிறுவிடைக் கோழியின்கீழ் வைக்கலாம். இடியினால் முட்டை கெட்டுவிடும் என்று அடைக்கூடையில் கரித்துண்டும் ஆணியும் மிளகாயும் போட்டுவைக்கும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. அதனால் பாதகமில்லை, பிரயோஜனமும் இல்லை. ஏழாம் நாள் இரவில் முட்டையை டார்ச் விளக்கின்முன் பிடித்துப் பார்த்து, நரம்போடாத கூமுட்டைகளை அகற்றிவிடுவதே உபயோகமான காரியம். இருபத்தொன்றாம் நாள் குஞ்சு வெளிவரும்.

தாயில்லாமல் வளர்ப்பதானால் முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணம் வேண்டும். பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். சித்திரைப் பகலில் வத்தலக்குண்டில் விளக்கே வேண்டாம். மார்கழி இரவில் கொடைக்கானல் மலையிலிருந்து குளிர் இறங்குமாகையால் விளக்கோடு சாக்குத் திரையும் வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று குவிந்து கிடந்தால் குளிர்கிறது என்றும், விளக்கை விட்டு விலகி வாயைத் திறந்து இளைத்தால் சூடு மிகுந்தது என்றும் குஞ்சுகளே தெரிவித்துவிடும்.

வெள்ளைக் கழிச்சல் வந்தால் மருந்து கிடையாது. தடுப்பூசி ஒன்றே கதி. முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் ஊசியும், இடையில் அம்மைத் தடுப்பூசியும் போட்டுவிட வேண்டும். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் இதற்கு யோசனை கேட்கலாம்.

இனி ஆகாரம். கம்பு, சோளம், கேழ்வரகு ஆகிய தானியங்கள் உடம்பை வளர்க்குமேயன்றி வாலை வளர்க்கமாட்டா. இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது. அதிலும் கந்தகம் கலந்த புரதச்சத்து அதற்கு மிகுதியாகத் தேவை. எள்ளுப்பிண்ணாக்கில் அது நிறைய உண்டு. ஆகவே பழைய வால் உதிரத் தொடங்கிய நாளிலிருந்து புது வால் முற்றும்வரை, தானியத்தோடு எள்ளுப்பிண்ணாக்கும், முளைகட்டிய பயறும், வேகவைத்த முட்டையும், கிடைத்தால் கரையானும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கடலைப்பிண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்தால் அது விஷம். உப்புக் கருவாடும் ஆகாது. மூக்கு மிகவும் வளைந்த சேவலுக்குத் தட்டைத் தரையில் இரை பொறுக்குவது சிரமமாகையால், ஆழமான கிண்ணத்தில் வைப்பது நலம். முளைத்துவரும் குருத்திறகுக்குள் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது அதனைப் பிடித்து இழுத்தாலோ, அடிபட்டாலோ இரத்தம் ஒழுகி, அந்த இறகே குறைபட்டுப்போகும். அந்த வாரங்களில் சேவலைக் கையால் தூக்குவதையே தவிர்ப்பது உத்தமம்.

இருப்பிடத்தில்தான் பலர் வாலை இழக்கிறார்கள். உட்காரும் கட்டை சுவரை ஒட்டியிருந்தால் ஒரே மாதத்தில் வால்நுனி தேய்ந்துவிடும். ஆகவே வாலின் நீளத்துக்கும் அதிகமாகச் சுவரிலிருந்து தள்ளி, வால் தரையில் படாத உயரத்தில் கட்டையை அமைக்க வேண்டும். ஆனால் உயரம் மிகுந்துபோனால், கனத்த இச்சேவல் குதிக்கும்போது பாதம் அடிபட்டு வீங்கும். இடையில் ஒரு படிக்கட்டையும், கீழே கனமான மணற்படுக்கையும் அதற்குப் பரிகாரம். மணலை வெயிலில் உலர்த்தி அடிக்கடி மாற்றிவர வேண்டும். சாம்பல் கலந்த மண்ணில் புரள விட்டால் செள் அண்டாது. இரண்டு சேவல்களின் கூண்டுகளுக்கு நடுவே கம்பிவலை மட்டும் போதாது. ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தட்டியும் வேண்டும், ஏனெனில் முன்னோரின் யுத்தகுணம் இவற்றை முற்றாக விட்டுப்போகவில்லை.

எட்டு மாதப் பட்டாவின் வாலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டாம் ஆண்டு வாலே அதன் உண்மையான வால். அதுவரை பொறுத்து, விற்பனைக்கு வைக்கும்போது, வாங்க வருகிறவர் அதன் வாலைப் பார்க்கிறாரா, காலையும் முள்ளையும் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். கோழிகளைச் சண்டையிடத் தூண்டுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பந்தயத்துக்குக் கேட்பவருக்கு, எத்தனை விலை சொன்னாலும், விசிறிவாலை விற்காதீர்கள்.