ஆபத்து உச்சியில் இல்லை!
(ரோலர் கோஸ்டர் கற்றுத்தரும் ஓர் இயற்பியல் பாடம்)



முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. செங்குத்தாக நிற்கும் பெரிய வளையம் ஒன்றை மனத்தில் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் உட்பக்கமாகத் தண்டவாளம் போடப்பட்டிருக்கிறது. ஒரு வண்டி வேகமாக வந்து அடியில் நுழைகிறது, வளையத்தில் ஏறுகிறது, உச்சியில் தலைகீழாகக் கவிழ்கிறது, மறுபக்கம் இறங்கி வெளியேறுகிறது. அந்த வண்டிக்குள் நீங்கள் இருக்கிறீர்கள். எந்த இடத்தில் உங்களுக்கு ஆபத்து அதிகம்?

"இதில் என்ன சந்தேகம்? தலைகீழாகத் தொங்கும் உச்சியில்தான்!" என்பீர்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். கரும்பலகையில் ஒரு வட்டம் வரைவேன். உச்சியில் வண்டி கீழே விழாமலிருக்க வேண்டிய குறைந்த அளவு வேகத்தைக் கணக்கிடுவேன். விடையின்கீழ் இரட்டைக் கோடு போட்டுவிட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விடுவேன். ஒருநாள் கடைசி வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "உச்சியில் விழமாட்டார், சரி. அடியில் அவர் கதி என்ன சார்?" என்று கேட்டார். அன்று மாலை வீட்டில் அமர்ந்து கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கிடைத்த விடை என்னைத் திடுக்கிட வைத்தது. அந்தக் கணக்கைத்தான் இப்போது நாம் சேர்ந்து போடப் போகிறோம்.

நாம் உணர்வது எதை?

பொருட்காட்சித் திடலில் இராட்டினம் ஏறியிருப்பீர்கள். அடியைக் கடக்கும்போது உடல் கனப்பதும், உச்சியைக் கடக்கும்போது வயிறு லேசாவதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்கள் உண்மையான எடை, அதாவது புவி உங்களை இழுக்கும் விசை, எங்கும் மாறவில்லை. பிறகு மாறியது எது?

இருக்கை உங்களைத் தள்ளும் விசைதான் மாறியது. நாற்காலியில் சும்மா அமர்ந்திருக்கும்போது, உங்கள் எடைக்குச் சமமான விசையால் அது உங்களை மேல்நோக்கித் தாங்குகிறது. அந்தத் தாங்குதலைத்தான் நாம் "கனம்" என்று உணர்கிறோம். தாங்குதல் இருமடங்கானால் இருமடங்கு கனமாக உணர்வோம். அது இல்லாவிட்டால் எடையே இல்லாதது போலத் தோன்றும். இதை "உணரும் எடை" என்று அழைப்போம்.

வளைந்து செல்லும் எந்தப் பொருளுக்கும் வளைவின் மையத்தை நோக்கி ஒரு முடுக்கம் உண்டு. இதுவே மையநோக்கு முடுக்கம். இதன் மதிப்பு, வேகத்தின் இருமடியை வளைவின் ஆரத்தால் வகுக்கக் கிடைக்கும். அதாவது, வேகம் கூடினால் முடுக்கம் கூடும்; ஆரம் குறைந்தாலும் முடுக்கம் கூடும். இந்த ஒரு வாக்கியத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பெரிதும் உதவும்.

வட்ட வளையத்தின் கணக்கு

வளையம் சரியான வட்டம் என்று கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை "ஈ" என்றும் ஆரத்தை "ஆ" என்றும் குறிப்போம்.

உச்சியில் வண்டி தண்டவாளத்தை விட்டு விலகாமலிருக்க, மையநோக்கு முடுக்கம் குறைந்தது "ஈ" அளவாவது இருக்க வேண்டும். எனவே உச்சியில் வேகத்தின் இருமடி = ஈ × ஆ. இந்நிலையில் இருக்கை உங்களைத் தள்ளவே இல்லை. உணரும் எடை பூச்சியம்.

இனி அடிக்கு வருவோம். உச்சிக்கும் அடிக்கும் இடையே உயரம் 2ஆ. அங்கிருந்து இறங்கும்போது நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது. இதனால் வேகத்தின் இருமடி 4 × ஈ × ஆ அளவு கூடுகிறது. ஆக, அடியில் வேகத்தின் இருமடி = 5 × ஈ × ஆ. இதை ஆரத்தால் வகுத்தால் மையநோக்கு முடுக்கம் 5ஈ. இந்த முடுக்கத்தைத் தருவதோடு இருக்கை உங்கள் எடையையும் தாங்க வேண்டும். ஆகவே உணரும் எடை, உண்மையான எடையைப் போல் 5 + 1 = 6 மடங்கு!

50 கிலோகிராம் நிறையுள்ள மாணவர் ஒருவர் அந்த இடத்தில் 300 கிலோகிராம் கனத்தை உணர்வார். மனிதத் தலையின் நிறை ஏறத்தாழ 5 கிலோகிராம். அதை வாழ்நாள் முழுவதும் எளிதாகத் தாங்கும் கழுத்து, திடீரென்று 30 கிலோகிராம் மூட்டையைத் தாங்க வேண்டியதாகிறது. இதயத்தின் நிலையும் அதேதான். ஆறு மடங்கு கனத்துவிட்ட இரத்தத்தை அது மூளைக்கு ஏற்ற வேண்டும். இந்நிலை சில வினாடிகள் நீடித்தாலும் பயிற்சியற்றவருக்குக் கண் இருண்டு மயக்கம் வரலாம்.

"வளையத்தைப் பெரிதாக்கினால் போகிறது!" என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? விடையை மறுபடி பாருங்கள். "ஆறு மடங்கு" என்பதில் ஆரம் எங்கே இருக்கிறது? கணக்கின் நடுவில் அது அடிபட்டுப் போய்விட்டது. மூன்று மீட்டர் வட்டமானாலும், முந்நூறு மீட்டர் வட்டமானாலும் விடை ஒன்றே.

"வேகத்தைக் குறைத்து, ஆளைப் பட்டையால் கட்டிவிடலாமே?" என்று மற்றொருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. வட்டத்தில் அடியில் உணரும் எடைக்கும் உச்சியில் உணரும் எடைக்கும் உள்ள வேறுபாடு எப்போதும் 6 மடங்குதான். வண்டி ஊர்ந்தபடி உச்சியைக் கடந்தால், நீங்கள் பட்டையில் முழு எடையோடு தொங்குவீர்கள். அதை "கழித்தல் 1" என்று கொண்டாலும் அடியில் 5 மடங்கு வந்தே தீரும். வட்டத்தை வைத்துக்கொண்டு இதிலிருந்து தப்ப வழியே இல்லை.

கழுத்தைச் சுளுக்கிய வட்டம்

இந்தக் கணக்கைத் தம் உடம்பாலேயே போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் நகரின் கோனி ஐலண்ட் கடற்கரைப் பகுதியில் 1895இல் 'ஃபிளிப் ஃபிளாப்' என்னும் வளைய ரோலர் கோஸ்டர் தொடங்கப்பட்டது. அதன் வளையம் ஏறத்தாழ 25 அடி விட்டமுள்ள வட்டம். ஏறி வந்தவர்கள் கழுத்துவலி, முதுகுவலி என்று முறையிட்டனர். அடியில் எடையைப் போல் 12 மடங்கு வரை விசை தாக்கியது என்று கூடச் சொல்லப்படுவதுண்டு. சில ஆண்டுகளில் அது மறைந்துவிட்டது.

அங்கே தீங்கு செய்தது விசையின் அளவு மட்டுமன்று. அது வந்த திடீர் வேகமுமாகும். பேருந்து ஓட்டுநர் மெல்ல மெல்லத் தடையை அழுத்தினால் நாம் சமாளித்துக்கொள்கிறோம். சட்டென்று அழுத்தினால் முன் இருக்கையில் முட்டிக்கொள்கிறோம். நேர்த்தண்டவாளத்தில் மையநோக்கு முடுக்கம் பூச்சியம். வட்டம் தொடங்கும் புள்ளியிலேயே அது முழு அளவு. 25 அடி வட்டத்தில் வண்டி அடியில் நுழையும் வேகம் குறைந்தது வினாடிக்கு ஏறத்தாழ 13.7 மீட்டர். 2 மீட்டர் நீள வண்டி என்று கொண்டால், அது முழுவதும் வளைவில் ஏறி முடிக்க ஒரு வினாடியில் ஏழில் ஒரு பங்கு போதும். அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் உங்கள் எடை ஆறு மடங்காகிறது. கழுத்துத் தசைகள் விறைத்துத் தயாராவதற்குள் தலை தொய்ந்துவிடும்.

1901இல் அதே கோனி ஐலண்டில் எட்வின் பிரெஸ்காட் என்பவர் வட்டத்தை விட்டு, நீள்வட்டம் போன்ற வளையம் ஒன்றை அமைத்தார். துன்பம் குறைந்தது. ஆனால் ஒரு தடவைக்கு நான்கு பேரே போக முடிந்ததால் வருமானம் போதவில்லை. 1910 வாக்கில் அதுவும் நின்றது. அதன்பின் செங்குத்து வளையம் என்ற எண்ணமே பல பத்தாண்டுகள் உறங்கிவிட்டது.

எஃகுக் குழாயும் புதிய வளைவும்

அந்நாளைய ரோலர் கோஸ்டர்கள் பெரும்பாலும் மரச்சட்டங்களின் மேல் அமைந்தவை. நுட்பமான வளைவுகளுக்கு மரம் இடங்கொடாது. 1959இல் கலிபோர்னியாவிலுள்ள டிஸ்னிலாந்தில், சுவிட்சர்லாந்தின் மாட்டர்ஹார்ன் சிகரத்தைப் போல் ஒரு செயற்கை மலை எழுப்பி, அதனூடே எஃகுக் குழாய்களாலான தண்டவாளத்தை அமைத்தார்கள். குழாயை எப்பக்கமும் விரும்பியபடி வளைக்கலாம். சக்கரங்களும் குழாயை மேலும் கீழும் பக்கத்திலுமாகக் கவ்விக்கொள்ளும். வண்டி கழன்று விழாது.

1976 மே மாதம், அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டையொட்டி, கலிபோர்னியாவின் மேஜிக் மௌன்டன் பூங்காவில் 'கிரேட் அமெரிக்கன் ரெவல்யூஷன்' தொடங்கப்பட்டது. முழுமையான செங்குத்து வளையம் கொண்ட முதல் நவீன எஃகு ரோலர் கோஸ்டர் இதுவே. கட்டியவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஆன்டன் ஷ்வார்ஸ்கோஃப். கணக்கிட்டவர் பொறியாளர் வெர்னர் ஷ்டெங்கல். வளையத்தின் உயரம் ஏறத்தாழ 27 மீட்டர். வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 88 கிலோமீட்டர்.

அந்த வளையம் வட்டமன்று. அது நிற்கும் பம்பரத்தின் பக்கத் தோற்றம் போன்றது: மேலே உருண்டை, கீழே போகப்போகக் குறுகல். உச்சியில் ஆரம் சிறியது. அடியில் ஆரம் பெரியது. ஏன் இப்படி? நினைவில் வைக்கச் சொன்ன வாக்கியத்தை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் வேகம் மிகுதி. ஆகவே ஆரத்தைப் பெரிதாக்கி முடுக்கத்தைக் குறைக்கிறோம். உச்சியில் வேகம் குறைவு. ஆகவே ஆரத்தைச் சிறிதாக்கி முடுக்கத்தைக் கூட்டுகிறோம்.

இந்த அளவுகளை ஒட்டி ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். உராய்வை விட்டுவிடலாம். வளையத்தின் உயரம் 27 மீட்டர். அடியில் வேகம் வினாடிக்கு 24.5 மீட்டர். இதன் இருமடி சுமார் 600. உச்சியில் வேகத்தின் இருமடி = 600 − (2 × 9.8 × 27) = 70.8.

முதலில், 13.5 மீட்டர் ஆரமுள்ள வட்டம் என்று கொள்வோம். உச்சியில் முடுக்கம் 70.8 ÷ 13.5 = 5.2 தான். இது 9.8க்குக் குறைவு, பயணிகள் பட்டையில் தொங்குவார்கள். அடியிலோ 600 ÷ 13.5 = 44.4. உணரும் எடை ஏறத்தாழ ஐந்தரை மடங்கு. இரண்டு முனையிலும் தொல்லை!

அடுத்து, உச்சியில் ஆரம் 7 மீட்டர், அடியில் 20.4 மீட்டர் என்று கொள்வோம். உச்சியில் 70.8 ÷ 7 = 10.1. இது 9.8ஐவிடச் சற்று அதிகம். யாரும் தொங்கவில்லை, பூப்போல மிதப்பார்கள். அடியில் 600 ÷ 20.4 = 29.4, அதாவது 3ஈ. உணரும் எடை 4 மடங்குதான். அதே உயரம், அதே வேகம். வடிவம் மாறியதும் வேதனை விளையாட்டாகிவிட்டது.

பயணிகள் இவ்வாறு எங்கும் இருக்கையோடு அழுந்தியே இருப்பதால், தொடக்கத்தில் இந்த ரோலர் கோஸ்டரில் மடிக்குக் குறுக்கே ஒரு பட்டைதான் இருந்தது. பின்னர்த் தோள்பட்டைத் தடுப்பைச் சேர்த்தனர். 2016இல் புதுப்பித்தபோது அதை நீக்கி, மீண்டும் மடித்தடுப்புக்கே திரும்பினர்.

பழைய வளைவுக்குப் புது வேலை

திடீர்த் தாக்குதலுக்கும் இந்த வளைவில் மருந்து உண்டு. இதன் பெயர் குளோதாய்டு. இதில் செல்லச்செல்ல, கடந்த தூரத்திற்கு நேர்விகிதத்தில் வளைவு கூடிக்கொண்டே போகும். நேர்ச்சாலையில் சீரான வேகத்தில் போகும் ஓட்டுநர், திருப்பு சக்கரத்தை ஒரே சீராகத் திருப்பிக்கொண்டே போனால் கார் வரையும் பாதை இதுதான். எனவே விசை பாய்ந்து வராமல் படிப்படியாக ஏறுகிறது.

இவ்வளைவை 1744இலேயே கணிதமேதை ஆயிலர் ஆராய்ந்தார். இரயில்பாதை நேராக வந்து வளையுமிடத்தில் பெட்டிகள் உதறாமலிருக்க, பொறியாளர்கள் இத்தகைய வளைவை இடையே செருகுகிறார்கள். கல்லூரியில் ஒளியின் விளிம்பு வளைவைப் படிக்கும்போது, 'கார்னு சுருள்' என்ற பெயரில் இதே வளைவை நீங்கள் மீண்டும் சந்திப்பீர்கள்.

செய்து பாருங்கள்

ஒரு மீட்டர் நூலின் ஒரு முனையில் அழிப்பான் ஒன்றைக் கட்டுங்கள். மறுமுனையில் ஒரு ரப்பர் வளையத்தைக் கட்டி, அதை விரலில் மாட்டிக்கொள்ளுங்கள். யாரும் அருகில் இல்லாத வெளியிடத்தில் நின்று, நூல் தொய்யாத மிகக் குறைந்த வேகத்தில் அதைச் செங்குத்து வட்டமாகச் சுற்றுங்கள். உச்சியில் ரப்பர் வளையம் சுருங்கிக் கிடக்கும். அடியில் விரலை வெடுக்கென்று இழுக்கும். நாம் கண்ட "ஆறு மடங்கு" உங்கள் விரலுக்குத் தெரிந்துவிடும்.

சிந்தியுங்கள்

1. 30 கிலோகிராம் சிறுவனும் 60 கிலோகிராம் தந்தையும் ஒரே வண்டியில் செல்கிறார்கள். உணரும் எடையின் மடங்கு இருவருக்கும் ஒன்றா, வேறா?

2. உராய்வு இல்லையென்றால், 'ஆ' ஆரமுள்ள வட்ட வளையத்தைச் சுற்றிவர, நின்ற நிலையிலிருந்து புறப்படும் வண்டி எவ்வளவு உயரத்திலிருந்து இறங்க வேண்டும்? (அடியில் வேகத்தின் இருமடி 5 × ஈ × ஆ என்பதிலிருந்து தொடங்குங்கள்.)

3. நிலவில் ஈர்ப்பு முடுக்கம் புவியில் உள்ளதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. அங்கே வட்ட வளையம் ஒன்றைக் கட்டினால், அதன் அடியில் நீங்கள் உணரும் கனம் எவ்வளவு?

மூன்றாவது கணக்கைப் போட்டு முடித்ததும், கழுத்தைத் தடவிக்கொண்டு புன்னகைப்பீர்கள். உச்சியை மட்டும் பார்த்துப் பாடத்தை முடித்த ஆசிரியரை நிறுத்தி, "அடியில் என்ன ஆகும்?" என்று கேட்ட அந்தக் கடைசி வரிசை மாணவரை நான் இன்னும் மறக்கவில்லை. நீங்களும் தயங்காமல் கேளுங்கள்.