இருண்ட படமும் வர்க்கமூலமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

ஒளியால் எழுதப்படுவதே ஒளிப்படம். ஒளி குறைந்தால் எழுத்து மங்கும். மங்கிய எழுத்தை மீண்டும் படிக்க முடியுமா? இக்கேள்வி எங்கள் வீட்டிலேயே எழுந்தது.

சென்ற ஆண்டு மறைந்த என் பாட்டிக்கு இருப்பது ஒரே ஒரு படம். வாசற்படியில் நின்றவரைக் கைப்பேசியில் நானே எடுத்தேன். அவர் பின்னால் வெயில், முகமோ கரிநிழல். கைப்பேசி வெயிலின் வெளிச்சத்தை அளந்து ஒளியைக் குறைத்துக் கொண்டதே காரணம்.

படம் என்பது எண்களே

சாதாரண ஜேபெக் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. 0 என்பது இருள். 255 என்பது முழு ஒளி. பாட்டியின் முகம் பெரும்பாலும் 10-க்கும் 30-க்கும் இடையில் கிடந்தது.

கூட்டினால் போதாதா?

எல்லா எண்களோடும் 50-ஐக் கூட்டிப் பார்ப்போம். கருமை சாம்பலாகிவிடும். 220 என்பது 270 ஆக இயலாமல் 255-இல் முட்டி நிற்கும். வெளிச்சப் பகுதியின் நுட்பங்கள் அழியும்.

இதற்கு மாற்று 'காமா' திருத்தம். காமா 2 எனில், எண்ணை 255-ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, மீண்டும் 255-ஆல் பெருக்க வேண்டும். அப்போது 16 என்பது 64 ஆகும். 64 என்பது 128 ஆகும். 220 என்பது 237 மட்டுமே ஆகும். 0-வும் 255-உம் மாறா. இல்லாதவனுக்கு மிகுதியாகவும் இருப்பவனுக்குக் குறைவாகவும் வழங்கும் நல்ல பங்கீடு இது!

செய்முறை

'கிம்ப்' என்னும் இலவச மென்பொருளை 1995-இல் உருவாக்கத் தொடங்கிய ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் இருவரும் அப்போது நம்மைப் போல் மாணவர்களே. முதலில் படத்திற்கு நகல் எடுத்துக்கொள்க. முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, அதன் ஓரத்தை மென்மையாக்குக. பின்னர் 'கலர்ஸ்' பட்டியலில் 'லெவல்ஸ்' திறந்து, நடு முக்கோணத்தைச் சிறிது சிறிதாக இடப்பக்கம் நகர்த்துக. முகம் வெளுக்கும்.

எல்லை

இருளைப் பெருக்கும்போது அதில் மறைந்திருந்த புள்ளி இரைச்சலும் பெருகும். மணல் தூவியது போல் தோன்றும். 0 ஆகிவிட்ட இடத்தில் மீட்க எதுவுமில்லை. பாட்டியின் கண்கள் அவ்வாறே போயின. ஆனால் கன்னத்துச் சுருக்கங்கள் வந்தன. இதழ்க்கடையில் ஒரு சிரிப்பும் வந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார் என்பதை அன்றுதான் அறிந்தோம். அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளி வாசலையே மிதிக்காத பாட்டியின் சிரிப்பைக் காட்டியது, வகுப்பில் நான் கற்ற வர்க்கமூலம். நண்பர்களே, அடுத்த முறை படம் எடுக்குமுன் திரையில் முகத்தைத் தொட்டு, ஒளியளவை அதற்கேற்ப அமைத்துவிடுங்கள். மீட்பதினும் காப்பது எளிது.